என் மகள் படித்த பள்ளியும் நம் ஊர்ப் பள்ளியும்

(ஒரு வட்டார வளர்ச்சி அதிகாரி)

சென்ற காந்தி ஜயந்தியன்று எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கண்மாய் மடை ஆகியவற்றைப் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறிய பின்னர், வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் எழுந்து நின்றார்.

“ஐயா, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினீர்கள், தரைக்குக் கல் பதித்தீர்கள், கழிப்பறை வந்தது, காலையிலும் மதியத்திலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இத்தனை இருந்தும் தினந்தோறும் பதினொரு பிள்ளைகள் வேன் ஏறி டவுனுக்குப் போகின்றன. என் பேரனும் அதிலே ஒருவன். ஆடு விற்ற காசைக் கொண்டுபோய்ச் சம்பளம் கட்டுகிறோம். நம் பள்ளிக்கூடத்தில் இன்னும் என்னதான் குறை? அதைச் சொல்லுங்கள்” என்று கேட்டார்.

சுற்றுச்சுவரின் நீளத்தையும் அதற்கான செலவையும் கேட்டிருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த கோப்புகளில் விடை இல்லை. “யோசித்துச் சொல்கிறேன், பெரியவரே” என்று கூறித் திரும்பினேன். அதிகாரி என்ற முறையில் விடை கூற இயலாத நான், ஒரு பெண் குழந்தையின் தந்தை என்ற முறையில் அவருக்குச் சொல்லக் கூடியது ஒன்று உண்டு. அதனையே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இக்கட்டுரை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பள்ளியில் சேர்த்த விதம்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், துணை வட்டார வளர்ச்சி அதிகாரியாக நான் ஒரு சிறு நகருக்கு மாற்றப்பட்டேன். என் மகளுக்கு அப்பொழுதுதான் ஐந்து வயது நிறைந்திருந்தது. மாற்றல் உத்தரவு கைக்கு வருவதற்குள் நகரத்துப் பள்ளிகளில் சேர்க்கை முடிந்துவிட்டது. ஊருக்கு வெளியே, நிலக்கடலை விளையும் மானாவாரி நிலங்களுக்கு நடுவில், ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி நடத்திய சிறு தொடக்கப் பள்ளியில் இடம் இருந்தது. ‘ஓராண்டு இங்கே இருக்கட்டும், பிறகு வேறிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று எண்ணியே அங்கே சேர்த்தேன். அந்த ஓராண்டு ஐந்து ஆண்டுகளாயிற்று.

ஓடு வேய்ந்த கொட்டகைகள் இரண்டு, ஆசிரியர் நால்வர், குழந்தைகள் 42 பேர். பெஞ்சு கிடையாது, குழந்தைகள் பாய் விரித்து வட்டமாக அமர்ந்திருப்பார்கள். சுவரில் தரையை ஒட்டினாற்போலக் கரும்பலகை. குழந்தையின் கைக்கு எட்டும் உயரம்தான் அதன் உயரம். ஐந்து வயதுக் குழந்தையும் எட்டு வயதுக் குழந்தையும் ஒரே கூடத்தில் இருந்தனர். பயிற்றுமொழி தமிழ். ஆங்கிலம் பாட்டாகவும் பேச்சாகவும் கற்பிக்கப்பட்டது. பரீட்சை இல்லை, முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை இல்லை, வீட்டுப் பாடம் இல்லை, பிரம்பும் இல்லை.

கட்டடத்தின் நீள அகலத்தையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு இவையெல்லாம் குறைகளாகவே தோன்றின. என் உத்தியோக காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பார்வையிட்டிருந்தேன். கூரை ஒழுகுகிறதா, கதவுக்குத் தாழ் இருக்கிறதா, சமையற்கூடத்தில் புகைபோக்கி உண்டா என்று பார்த்துக் குறிப்பெழுதியிருக்கிறேன். ஆனால், ஒரு பள்ளியிலேனும் குழந்தை ஒன்றின் அருகில் அமர்ந்து, ‘நீ என்ன படிக்கிறாய்?’ என்று கேட்டதில்லை. இதனை இன்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஐயமும் அச்சமும்

மகள் மகிழ்ச்சியோடு பள்ளிக்குச் சென்று வந்தாள். காய்ச்சல் கண்ட நாளிலும் போக வேண்டும் என்று அழுவாள். வேப்பம்பூவையும் கரையான் புற்றையும் கண்மாயில் இறங்கும் கொக்கையும் பற்றி ஓயாமல் பேசுவாள். ஆனால், இரண்டாம் வகுப்பில் பாதி கடந்தும் அவளுக்குச் சரளமாகப் படிக்க வரவில்லை.

2015ஆம் ஆண்டுப் பொங்கலுக்குச் சொந்த ஊர் சென்றிருந்தோம். என் தமையனார் மகனுக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவன் செய்தித்தாளின் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆங்கிலப் பாட்டு இரண்டு ஒப்பித்தான். என் மகளோ சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்த வரியைப் படிக்கச் சொன்னதும் இரண்டு சொற்களோடு நின்றுவிட்டாள். என் தாயார் அவளை மடியில் இருத்திக்கொண்டு, “ஏப்பா, நீ படித்த உத்தியோகஸ்தன். என் பேத்தியைக் கொண்டுபோய் ஆட்டுக் கொட்டகையில் விட்டாற்போல விட்டிருக்கிறாயே! பெண்பிள்ளைதானே என்று நினைத்துவிட்டாயா?” என்று கேட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியதும், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு ஒரு விண்ணப்பம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன்.

அங்கிருந்த ஆசிரியை விண்ணப்பத்தைக் கண்டு திடுக்கிடவில்லை, மறுப்பும் கூறவில்லை. “சார், கொடுத்துவிடலாம். அதற்கு முன் இன்று மதியம் வரை இந்தப் பாயில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகும் நீங்கள் கேட்டால், உடனே எழுதித் தருகிறேன்” என்றார்.

ஒரு காலைப் பொழுது

குழந்தைகள் வந்ததும் தத்தம் பெயருக்கு நேரே தாமே வருகையைக் குறித்துக்கொண்டனர். ஒரு சிறுவன் வெளியே சென்று வானத்தைப் பார்த்து வந்து, சுவரில் இருந்த அட்டவணையில் மேகம் ஒன்று வரைந்தான். பிறகு ஒவ்வொருவரும் சுவரில் ஒட்டியிருந்த ஏணி போன்ற ஒரு படத்தின் முன் நின்று தம் இடத்தைத் தேடி, அதற்குரிய தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு தத்தம் குழுவில் போய் அமர்ந்தனர். யாரும் யாரையும் அதட்டவில்லை. நாற்பது குழந்தைகள் இருந்த அந்தக் கூடத்தில் ஓசை இருந்தது, கூச்சல் இல்லை.

அன்று ஒரு பையன் பதினெட்டு நாளைக்குப் பிறகு வந்திருந்தான். அவனுடைய பெற்றோர் நெல் அறுவடைக்காக வெளியூர் சென்றபோது அவனையும் அழைத்துப் போயிருந்தனர். நான் படித்த காலத்தில் என்றால் அவனுக்கு வாசலிலேயே அடி விழுந்திருக்கும். உள்ளே வந்தபின், நடந்து போன பாடம் ஒன்றும் புரியாமல் கடைசி வரிசையில் விழித்துக்கொண்டிருப்பான். இங்கோ அவன் ஏணியின் முன் நின்று, தான் விட்டுச் சென்ற படியைக் கண்டுபிடித்து, அதே அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதினெட்டு நாள் தாமதமாயிற்றே தவிர, பதினெட்டு நாட் பாடம் அவனுக்குத் தப்பிப் போகவில்லை.

பிறகு ஆசிரியை என் மகளைப் பற்றிய குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். “உங்கள் மகளுக்கு எழுத்து எல்லாம் தெரியும், சார். அவள் தயங்குவது ஓரிடத்தில்தான். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு அவளைக் குழப்புகிறது. ‘கா’, ‘கி’, ‘கூ’ எல்லாம் தடையில்லாமல் படிக்கிறாள். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்று வந்தால் நிற்கிறாள். ‘கொ’, ‘கோ’ என்று முன்னும் பின்னும் குறி வந்தால் மொத்தமாகத் திகைத்துவிடுகிறாள். குறி முதலில் நிற்கிறது. ஒலி பின்னால் வருகிறது அல்லவா? அதற்கென்று ஐந்து அட்டைகள் இருக்கின்றன. மூன்றை முடித்துவிட்டாள். அவசரப்படுத்தினால் ஊகித்துப் படிக்கப் பழகிவிடுவாள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கடினம். மூன்று மாதம் பொறுங்கள்” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். என் மகள் படிக்கவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அவள் எந்த இடத்தில் நிற்கிறாள், எதனால் நிற்கிறாள், அடுத்த அடியை எங்கே எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பற்றி மட்டுமன்று. அங்கிருந்த நாற்பத்திரண்டு குழந்தைகளைப் பற்றியும் அவ்வாறே குறிப்புகள் இருந்தன. சட்டைப் பையிலிருந்த விண்ணப்பம் அங்கேயே தங்கிவிட்டது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது, சன்னலோரம் அமர்ந்திருந்த அவள் வெளியே தெரிந்த பெயர்ப் பலகையை உரக்கப் படித்தாள்: “தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்.” படித்துவிட்டு, “அப்பா, இதில் மூன்று கொம்பு இருக்கிறது” என்று சிரித்தாள். அந்தப் பலகையை நான் நூறு முறை கடந்து சென்றிருக்கிறேன். அதில் மூன்று கொம்பு இருப்பதை அன்றுதான் கண்டேன்.

இம்முறை செயற்படும் விதம்

இத்தகைய பள்ளிகளை ‘மாற்றுப் பள்ளி’ என்று வழங்குகிறார்கள். பெயர் புதிதாக இருப்பினும் இதன் கருத்து விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். மேடும் பள்ளமுமான நிலத்தில் ஒரே மடையைத் திறந்துவிட்டால் பள்ளப் பாத்தி மூழ்கும். மேட்டுப் பாத்தி காயும். ஆகவேதான் பாத்திதோறும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி விடுகிறோம். வகுப்பறையிலும் அவ்வாறே. முப்பது குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டு போனால், விரைந்து கற்பவன் சலிப்படைகிறான். மெதுவாகக் கற்பவன் பின்தங்கி, பின்தங்கியதை வெளியே சொல்ல அஞ்சி, வாயை மூடிக்கொள்கிறான்.

மாற்றுப் பள்ளிகள் எல்லாம் ஒரே முறையைக் கையாளுவன அல்ல. என் மகள் பயின்றது அட்டையும் ஏணியும் கொண்ட முறை. இதில் ஒவ்வொரு பாடமும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு படிக்கு அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றுக்கெனத் தனித்தனி அட்டைகள் உண்டு. மதிப்பீட்டில் தேறிய குழந்தை அடுத்த படிக்கு ஏறும். தேறாத குழந்தைக்கு வேறு விதமான பயிற்சி அட்டை கிடைக்கும். ‘தோல்வி’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அட்டைகளில் யானை, முயல், கிளி போன்ற படங்கள் அச்சிடப்பட்டிருப்பதால், படிக்கத் தெரியாத குழந்தையும் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள முடிகிறது. புதிய பாடம் தொடங்குவோர் ஆசிரியர் அருகில் அமர்வர். ஓரளவு தெரிந்தோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வர். நன்கு தெரிந்தோர் தனியே பயில்வர். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய சிற்றூர்ப் பள்ளிக்கு இது பெரிதும் ஏற்றது.

இது எங்கிருந்து வந்தது?

‘இது பணக்காரப் பள்ளிகளின் பழக்கமாயிற்றே’ என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. இது வறண்ட சிற்றூர்களில் பிறந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலி என்னும் இடம் இருக்கிறது. தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கருத்துகளைத் தழுவி நடைபெறும் பள்ளி அங்கே உண்டு. அதனைச் சார்ந்த கிராமக் கல்வி மையம், 1980களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நிறுவியது. பத்மநாப ராவ், ராமா தம்பதியரின் பொறுப்பில் ஏணி முறையும் அட்டைகளும் அங்கே உருவாயின. உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று ஆசிரியர்களாயினர். அளவைகளைக் கற்பிக்க அங்கே ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள். குழந்தைகள் கடை வைத்து எடை போட்டு விற்பார்கள். ஊரார் வந்து வாங்குவார்கள். கணக்குப் பாடம் சந்தையிலேயே நடந்தேறும்.

கிராமப்புறத்துக்காக இத்தகைய முயற்சி வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் மலைக் கிராமங்களில், 1970களின் நடுவில் ‘புதிய பள்ளி’ என்ற பெயரில் பல வகுப்புகளை ஓர் ஆசிரியரே நடத்தும் முறை தொடங்கப்பட்டது. அங்குள்ள காப்பி விவசாயிகளின் சங்கத்தார் அதற்குத் துணை நின்றனர். விளைபொருளுக்கு விலை கேட்கும் சங்கம் பிள்ளைகளின் படிப்புக்கும் பொறுப்பேற்றது என்பது நாம் கவனிக்கத் தக்கது.

தமிழ்நாட்டிலும் இது வெறுங்கதையாக நின்றுவிடவில்லை. எம். பி. விஜயகுமார் அவர்கள் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று இம்முறையைக் கண்டறிந்து வந்தனர். 2003ஆம் ஆண்டில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 2007-08ஆம் கல்வியாண்டில் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயருடன் மாநிலமெங்கும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டது. தரையை ஒட்டிய கரும்பலகையும், குழந்தைகளின் ஓவியங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு வந்தது அப்பொழுதுதான். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும், குழந்தைகள் தாம் அடைந்துள்ள நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டுக் கற்பிக்கப்பட்டனர். ஆகவே, என் மகளின் பள்ளியில் நான் கண்டு வியந்த முறையின் கூறுகள் நம் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தவையே.

குறைகளும் உண்டு

நன்மையை மட்டும் கூறிக் குறைகளை மறைப்பது முறையாகாது. வாய்பாட்டை வேகமாகச் சொல்வதில் என் மகள் பின்தங்கியே இருந்தாள். ஐந்தாம் வகுப்பில் நானே தினமும் மாலையில் அரைமணி நேரம் அமர்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்கு அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, நெடுநேரம் ஓரிடத்தில் அமர்ந்து பரீட்சை எழுதப் பழகுவதற்கு ஒரு பருவம் பிடித்தது. ‘ஏன்?’ என்று அவள் கேட்ட கேள்விகளைத் துடுக்குத்தனம் என்று சிலர் கருதினர். இவையெல்லாம் உண்மை. அவள் பின்னர் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தாள். எல்லாவற்றிலும் முதல் மாணவி என்று சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றிக் கூறுகிறாள். தெரிந்துகொள்ளும் வழியைத் தானே தேடுகிறாள். ஒரு தந்தைக்கு இது போதும்.

மாநிலமெங்கும் செயல்வழிக் கற்றல் பரவியபோதும் சில இடங்களில் அது வேரூன்றவில்லை. நான் பார்வையிட்ட பள்ளிகள் சிலவற்றில், கிழிந்த அட்டைகளுக்குப் பதில் புது அட்டைகள் வைக்கப்படவில்லை. வேறு சிலவற்றில், ஆசிரியர் பதிவேடுகளை நிரப்புவதிலேயே பொழுதைக் கழிக்க நேர்ந்தது. யாவற்றினும் மேலாக, பெற்றோரிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ‘பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள், பாடம் நடப்பதில்லை’ என்று ஊரில் பேச்சு எழுந்தது. என் தாயார் கேட்ட கேள்வியையே ஆயிரக்கணக்கான பெற்றோரும் கேட்டனர். எனக்கு ஒரு காலைப் பொழுது பாயில் இடம் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

வேனில் ஏற்றிவிட்டால் படிப்பு வந்துவிடும் என்பதும் நிச்சயமன்று. நாடெங்கும் கிராமப்புற வீடுகளில் நேரிற் சென்று எடுக்கப்பட்ட ‘அசர்’ கணக்கெடுப்பின்படி, 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ஆகிய இரண்டிலும் சேர்த்து, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 100க்கு 43 பேரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. நூலை மாற்றுவதாலோ, சீருடையை மாற்றுவதாலோ இக்குறை தீராது. ஒவ்வொரு குழந்தையும் எங்கே நிற்கிறது என்று அறிந்த ஆசிரியரும், அதைக் கேட்டறியும் ஊரும் இருந்தால்தான் தீரும்.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

நம் ஊர்ப் பள்ளிக்கு ஊரே பொறுப்பு என்பது நமக்குப் புதிதன்று. காமராஜ் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. அவற்றின் வாயிலாக நிலமும் மேசையும் நாற்காலியும் குடிதண்ணீர்ப் பானையும் ஊரார் கொடுத்தனர். அன்று பொருள் தேவைப்பட்டது, கொடுத்தார்கள். இன்று தேவைப்படுவது கவனம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழிவகுத்திருக்கிறது. குழந்தைகள் அச்சமின்றி, செயல்களின் மூலமும் தாமே கண்டறிவதன் மூலமும் கற்க வேண்டும் என்றும், இயன்றவரை தாய்மொழியிலேயே கற்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அடிப்பதையும் மனம் புண்படப் பேசுவதையும் அது தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுக்கும் பொறுப்பும் இக்குழுவுக்கே உரியது. கையெழுத்துப் போடுவதோடு கலைந்துவிடும் குழுவாக அது இருத்தலாகாது.

முதலாவதாக, ஒவ்வொரு பெற்றோரும் ஆண்டில் ஒரு நாளாவது காலைப் பொழுது முழுவதும் வகுப்பில் அமர்ந்து பார்க்கத் தலைமை ஆசிரியரோடு கலந்து ஏற்பாடு செய்யலாம். விதைப்பும் அறுப்பும் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் விவசாயிகளுக்குச் சிரமம் இராது.

இரண்டாவதாக, ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். ‘என் பிள்ளை எத்தனை மார்க்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘என் பிள்ளை எதுவரை வந்திருக்கிறான்? எந்த இடத்தில் தடுமாறுகிறான்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?’ என்று கேட்க வேண்டும். இக்கேள்விக்கு விடை தெரிந்த ஆசிரியரைப் போற்ற வேண்டும். விடை தெரியாத ஆசிரியரும், அடுத்த மாதம் இதே கேள்வி வரும் என்று அறிந்தால் கவனிக்கத் தொடங்குவார். கேள்வியில் மரியாதை இருக்க வேண்டும். அது விசாரணையாக மாறிவிடக் கூடாது.

மூன்றாவதாக, ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களைப் பழுது பார்க்கும்போது குழந்தையின் உயரத்தை நினைவில் கொள்ள வேண்டும். கரும்பலகை, கைகழுவும் குழாய், புத்தக அலமாரி ஆகியவை ஆறு வயதுக் குழந்தைக்கு எட்ட வேண்டும். இதற்குத் தனியாகச் செலவு இல்லை. அளவு சொல்லும்போது கவனித்தால் போதும். இது எங்கள் அலுவலகத்துப் பொறியாளர்களுக்கும் எனக்கும் உரிய பாடம்.

நான்காவதாக, ஊரே பாடமாகட்டும். கண்மாயின் கொள்ளளவை மடைக்காரர் சொல்லட்டும்; விதை நேர்த்தி செய்வதை அனுபவமுள்ள விவசாயி செய்து காட்டட்டும்; படியால் அளந்ததைக் கிலோவால் நிறுத்துப் பார்க்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் நூறு விடுகதை இருக்கிறது. அதைக் குழந்தைகள் எழுதிக்கொண்டு வந்தால் அதுவே ஒரு வாசிப்புப் புத்தகம்.

ஐந்தாவதாக, வேலைக்காக வெளியூர் செல்லும் குடும்பத்துக் குழந்தை திரும்பி வரும்போது, விட்ட இடத்திலிருந்து அதைத் தொடரச் செய்ய வேண்டும் என்று மேலாண்மைக் குழு தீர்மானம் இயற்றலாம். இத்தகைய குழந்தைகளே முதலில் பள்ளியை விட்டு நிற்பவர்கள். திரும்பி வந்த நாளில் கேட்கும் ஒரு கடுஞ்சொல் போதும். அவர்கள் மறுநாள் வரமாட்டார்கள்.

பெரியவருக்கு விடை

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நான் பாராட்டும் அந்தச் சிறு பள்ளியில் நம் ஒன்றியப் பள்ளிகளைவிட நல்ல கட்டடம் இல்லை. அங்கிருந்த ஆசிரியர்களின் ஊதியம் நம் ஆசிரியர்கள் பெறுவதைவிடக் குறைவு. அங்கே இருந்தவை இரண்டுதான்: ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது என்று அறிந்த ஆசிரியர், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அஞ்சாத குழந்தை.

கிராம சபையில் என்னைக் கேட்ட பெரியவரின் ஊருக்கு இம்மாதம் மீண்டும் போயிருந்தேன். இம்முறை சுற்றுச்சுவரைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியையின் அனுமதி பெற்று வகுப்பில் பாயில் அமர்ந்தேன். பெரியவரையும் உடன் அமர்த்திக்கொண்டேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் புத்தகத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்து, “தாத்தா, இதைப் படிக்கட்டுமா?” என்று கேட்டாள். படித்தாள், ஒரு சொல்லில் நின்றாள். “அந்த இடம் அவளுக்கு இன்னும் வரவில்லை, ஐயா. அடுத்த வாரம் வந்துவிடும்” என்றார் தலைமை ஆசிரியை. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. வெளியே வந்ததும், “இந்த டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை” என்றார்.

அவருடைய பேரன் வேனை விட்டு இறங்குவானா என்பதை நான் அறியேன். அது அக்குடும்பத்தார் தீர்மானிக்க வேண்டியது. ஆனால், அடுத்த மாதம் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாமும் வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் அவரைப் போல நாலு பேர் பள்ளிக்கூடத்துப் பாயில் அமரத் தொடங்கினால், நம் ஊர்ப் பள்ளிகளில் இன்னும் என்ன குறை என்பதும், அதை நீக்கும் வழியும் நமக்குத் தாமே புலப்படும்.